பரவளையம்: தொடுகோடுகள் செங்குத்தாக வரவில்லை, அவசரம்

தவிப்பு:
பரவளையத்தின் குவியம் (வளைவுக்கு உள்ளே இருக்கும் நிலைப்புள்ளி) வழியாகப் போகும் நாணின் இரு முனைகளிலும் தொடுகோடு வரைந்தால், அவை இயக்குவரையின் (வெளியே இருக்கும் நிலைக்கோட்டின்) மேல் 90 பாகையில் சந்திக்க வேண்டும் அல்லவா? எனக்கு 53 சொச்சம்தான் வருகிறது. எப்படிப் போட்டாலும் அதேதான். எங்கே இடிக்கிறது?

கட்டத்தாள்:
இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுத்திட்டமா? ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளில் ஒரு அச்சை மட்டும் இழுத்துவிட்டால் செங்கோணம் செங்கோணமாகத் தெரியாது. பந்தயமே கட்டுவேன், இதுதான்.

தவிப்பு:
படமே போடவில்லை. கணக்காகத்தான் போட்டேன்.

நிலா:
சமன்பாடு என்ன? குவியம் எது? எந்தப் புள்ளிகள்?

பழையவாத்தி:
சமன்பாடு தராமல் விடை கேட்டால் எப்படி, இங்கே யாரும் ஜோசியர் இல்லை. தேற்றத்தைச் சந்தேகப்படும் முன் பாடத்தை ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

தவிப்பு:
ஒய் = எக்ஸ்². குவியம் (0, 1). நாணின் முனைகள் (1, 1), (-1, 1). தொடுகோடுகள் (0, -1)இல் சந்திக்கின்றன. அது இயக்குவரை மேல்தானே இருக்கிறது? அப்போ குவியம் சரிதான்.

நிலா:
சரியில்லை. (1, 1)இலிருந்து உங்கள் குவியத்துக்குத் தூரம் 1, உங்கள் இயக்குவரைக்கு 2. இரண்டும் சமமாக இருந்தால்தானே பரவளையம்? எக்ஸ்² = 4ஏஒய் என்பதன் குவியம் (0, ஏ), இயக்குவரை ஒய் = -ஏ. அதோடு ஒப்பிட்டால் 4ஏ = 1. குவியம் (0, 1/4), இயக்குவரை ஒய் = -1/4.

உங்களை ஏமாற்றியது அந்தச் சந்திப்புதான். இந்த வளைவில் (0, 5) வழியாக எந்த நாணை வரைந்தாலும் தொடுகோடுகள் ஒய் = -5இல்தான் சந்திக்கும். 5க்குப் பதில் எந்த மிகை எண்ணைப் போட்டாலும் இப்படித்தான், குவியமாக இருக்க வேண்டியதே இல்லை. செங்கோணம் மட்டும் குவியத்துக்கே உரியது. உங்கள் சாய்வுகள் 2, -2, பெருக்கினால் -4. செங்கோணத்துக்கு வேண்டியது -1. (1/2, 1/4), (-1/2, 1/4) எடுத்துப் பாருங்கள்.

பழையவாத்தி:
எக்ஸ்²/4 என்ற அகலமான வளைவின் குவியத்தை ஒடுங்கிய எக்ஸ்²க்கு மாட்டியிருக்கிறார். வடிவமே வேறு.

கட்டத்தாள்:
வடிவம் வேறில்லை ஐயா. எல்லாப் பரவளையமும் வடிவொத்தவை. எக்ஸ்²ஐ எல்லாத் திசையிலும் 4 மடங்கு பெரிதாக்கினால் எக்ஸ்²/4.

பழையவாத்தி:
அப்படியானால் எல்லா நீள்வட்டமும் ஒன்றா?

கட்டத்தாள்:
அது எப்படி? நீள்வட்டத்தின் மையத்தொலைத்தகவு, அதாவது வடிவத்தைத் தீர்மானிக்கும் எண், மாறும். பரவளையத்துக்கு எப்போதும் 1.

தவிப்பு:
90 வந்துவிட்டது. நன்றி நிலா.

பழையவாத்தி:
கண்ணுக்கு அகலமாகத் தெரிகிறதே, அதற்கு என்ன பதில்?

கட்டத்தாள்:
வளைவு திரும்பும் முனைக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். எக்ஸ்²உம் அகலம்தான்.