வெளிநாட்டுத் தீர்ப்பு சென்னையில் எந்த அளவுக்குச் செல்லுபடியாக வேண்டும்?

பெரியமேடு தோல் வணிகர்:
சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் நாம் ஆஜராகாத வழக்கில் பிறந்த தீர்ப்பாணையை, இங்கே புதிதாக வழக்குத் தொடுக்காமல், நேரே நிறைவேற்றல் மனுவாகத் தாக்கல் செய்து சொத்தை ஜப்தி செய்யக் கோரலாம் என்கிறது நம் சட்டம். இது சிறு ஏற்றுமதியாளரை நசுக்கும் ஏற்பாடு என்பதே என் வாதம். கேட்கப்படும் தொகையைவிட அங்குள்ள வழக்கறிஞர் கட்டணம் அதிகம் என்பதால் போகாமல் இருந்தவரை, கடனை ஒப்புக்கொண்டவராகக் கருதுவது நியாயமா?

பாரிமுனை வழக்கறிஞர்:
ஐயா, பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு அந்த வழியைத் திறப்பது உண்மை. ஆனால் அயல் தீர்ப்பை ஏற்க மறுக்க 13ஆம் பிரிவு தரும் ஆறு விலக்குகளும் அந்த மனுவுக்குப் பொருந்தும். அதிகார வரம்பின்மை, இயற்கை நீதி மீறல், மோசடி ஆகியவற்றோடு, வழக்கின் தகுதியை, அதாவது கோரிக்கைக்கு உண்மையில் ஆதாரம் உண்டா என்பதை, ஆராயாமல் தந்த தீர்ப்பு என்பதும் அவற்றுள் ஒன்று. இங்கிலாந்து நீதிமன்றம் சான்றுகளைப் பரிசீலிக்காமல் எதிர்த்தரப்பு வராத நிலையில் வழங்கிய ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை இங்கே நிறைவேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் சொன்னது. எதிர்த்தரப்பு வராவிட்டாலும் சான்றுகளை ஆராய்ந்து தந்த தீர்ப்பு என்றால் கதை வேறு.

நம் நீதிமன்றங்கள் அயல் தீர்ப்பை என்றுமே கண்ணை மூடிக்கொண்டு ஏற்றதில்லை. சமஸ்தான காலத்து மைசூர் நீதிமன்றமே சென்னைக்கு அயல் நீதிமன்றம்தான். அதன் தீர்ப்பு சென்னையிலுள்ள அசையாச் சொத்தைக் கட்டுப்படுத்தாது என்று 1962இல் முடிவானது.

பெரியமேடு தோல் வணிகர்:
தகுதி ஆராயப்படவில்லை என்று நிரூபிக்கும் சுமை யார்மேல்? எங்கள்மேல்தானே! சிங்கப்பூர் நீதிமன்றமே விசாரிக்கும் என்ற நிபந்தனையும் வாங்குபவர் அச்சிட்டு அனுப்பிய ஒப்பந்தத்தில் இருப்பது. ஆர்டர் வேண்டுமானால் கையெழுத்திட்டே ஆக வேண்டும்.

துறைமுகச் சரக்கு முகவர்:
பணம் வர வேண்டியவர் பக்கமிருந்தும் பாருங்கள். 44ஏ பிரிவின் நேர்வழி, நம் அரசு பரஸ்பர நாடு என்று அறிவித்த நாடுகளின் தீர்ப்புக்கு மட்டும்தான். ஐக்கிய அரபு அமீரகத்தை 2020 ஜனவரியில்தான் நம் அரசு அப்படி அறிவித்தது. அதுவரை துபாயில் கடன் வைத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவர்மீது, அங்கே தீர்ப்பு வாங்கியவரும் இங்கே மூன்று ஆண்டுக்குள் மறுபடி வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. அமெரிக்கத் தீர்ப்புக்கு இன்றும் அதே கதிதான். இந்த இழுபறியை நம்பியே சரக்கை எடுத்துக்கொண்டு பணத்தை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அவப்பெயர் ஒழுங்காகப் பணம் கட்டுகிறவர்களையும் சேர்த்தே பாதிக்கிறது. அயல்நாட்டு விற்பனையாளர்கள் முன்பணம் இல்லாமல் சரக்கு அனுப்ப மறுக்கிறார்கள்.

பாரிமுனை வழக்கறிஞர்:
தீர்ப்பை வைத்துக்கொண்டு நினைத்தபோது வரவும் முடியாது. லண்டனில் 1995இல் பெற்ற தீர்ப்பாணையை நிறைவேற்ற 2009இல் தாக்கலான மனுவுக்கு, தீர்ப்பு வந்த நாட்டின் காலவரம்பே பொருந்தும் என்று கூறி, அது காலம் கடந்தது என உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்மானித்தது. வணிகர் ஐயா, அடுத்த ஒப்பந்தத்தில், தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவரே தீர்ப்பார் என்ற நடுவர் மன்ற நிபந்தனையைச் சேர்த்து, விசாரணை இடத்தைச் சென்னை என்று எழுதக் கேளுங்கள்.

பெரியமேடு தோல் வணிகர்:
கேட்கலாம், அவர்கள் சிங்கப்பூரைத்தான் எழுதுவார்கள். அயல் நடுவர் தீர்ப்பை, அத்தகைய தீர்ப்புகளை நாடுகள் ஏற்று நிறைவேற்றுவதற்கான 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கைப்படி எதிர்ப்பது இன்னும் கடினம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பென்றால், எந்தச் சான்றின்மேல் தீர்ப்பு வந்தது என்பதை மனுதாரரே முதலில் காட்ட வேண்டும் என்று 44ஏ பிரிவில் ஒரு வரி சேர்க்கட்டும். அதற்குப் பிறகு பரஸ்பர நாடுகளின் பட்டியலை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். நான் எதிர்க்கப் போவதில்லை.