கேட் (CAD, கணினியில் வரைந்த) வரைபடங்களை இணையத்தில் ஏற்ற நல்ல வழி எது?

நண்பர்களே, ஒரு உதவி. எங்களிடம் இயந்திர பாகங்களின் வரைபடங்கள் நிறைய இருக்கின்றன, எல்லாம் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் டிடபிள்யூஜி (DWG) கோப்புகள். தாள் அளவு பெரும்பாலும் ஏ1, சில அதைவிடப் பெரிய ஏ0. ஆட்டோகேட் இல்லாதவர்களும் பிரவுசரிலேயே திறந்து, பெரிதாக்கி, அளவுகளைப் படிக்க வேண்டும். மூலக்கோப்பு வெளியே போகக்கூடாது. பார்த்தால் போதும்.

பிடிஎஃப் போட்டுப் பார்த்தோம். அச்செடுக்க அருமை. ஆனால் எஸ்எச்எக்ஸ் (SHX) என்ற ஆட்டோகேட் எழுத்துருவில் இருந்த எழுத்தெல்லாம் வெறும் கோடுகளாக மாறிவிட்டதால், பாக எண்ணைத் தேடினால் ஒன்றும் சிக்குவதில்லை. லேயர்களை (வரைபடத்தின் அடுக்குகளை) அணைத்துப் பார்க்கும் வசதியும் எல்லா பிரவுசரிலும் இல்லை. ஜேபெக் பேச்சே வேண்டாம், பெரிதாக்கினால் 0.18 மி.மீ. கோடும் 0.5 மி.மீ. கோடும் ஒரே மங்கலாகத் தெரிகிறது.

இப்போது எஸ்விஜி (SVG, கோடுகளைக் கோடுகளாகவே சேமிக்கும் பட வடிவம்) பக்கம் மனம் சாய்கிறது. தனி பிளக்இன் தேவையில்லை, எழுத்து எழுத்தாகவே இருக்கும், ஒவ்வொரு லேயரையும் ஒரு குரூப்பாக வைத்து மறைக்கலாம். பெரிதாக்கும்போது கோடு தடிக்காமல் இருக்க 'நான்-ஸ்கேலிங்-ஸ்ட்ரோக்' என்ற அமைப்பு இருக்கிறது. சிக்கல் ஹேட்ச்சில்தான்: வெட்டுத்தோற்றத்தில் வரும் சாய்கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனி பாத் (path, வரைகோடு) ஆகிவிடுகின்றன. கோப்பு பூதாகரமாகி, மொபைலில் நகர்த்தினாலே திணறுகிறது.

ஹேட்ச்சை பேட்டர்னாகவே (திரும்பத் திரும்ப வரும் ஒரே வடிவமாக) எஸ்விஜிக்கு மாற்றித்தரும் கருவி யாராவது பயன்படுத்துகிறீர்களா? இல்லை, டிஎக்ஸ்எஃப்பை (DXF, கேட் வரைபடங்களைப் பரிமாறும் கோப்பு வடிவம்) நேராக வெப்ஜிஎல்லில் (பிரவுசரில் கிராபிக்ஸ் வரையும் தொழில்நுட்பம்) வரைவதுதான் புத்திசாலித்தனமா? அப்படிச் செய்தவர்கள், அளவுக்கோடுகளும் டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) குறிகளும் பிசகாமல் வந்தனவா என்று மட்டும் சொல்லுங்கள்.