கண்மாய்க்குள் மந்தை இறக்கும் கீதாரிகள் (ஆட்டு மந்தையை நடத்துபவர்கள்) யாரையாவது தெரியுமா?

வணக்கம். சிவகங்கை, மானாமதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் ஆடு மேய்வதற்கும் தண்ணீரின் தன்மைக்கும் உள்ள தொடர்பை ஆய்வு செய்கிறேன். தண்ணீர் வற்றியதும் உள்வாயில், அதாவது கண்மாயின் உட்பக்கத் தரையில், புல் முளைக்கும், மந்தை இறங்கும். புழுக்கையும் மூத்திரமும் தழைச்சத்தாக (நைட்ரஜன்), மணிச்சத்தாக (பாஸ்பரஸ்) மண்ணில் தங்கி, ஐப்பசி மழையில் கொஞ்சம் கரையும். அளவோடு இருந்தால் மீனுக்கு நல்லது. மிஞ்சினால் பாசி மண்டிவிடும். ஆனால் அதே ஆடுகள் பகலில் கண்மாயில் மேய்ந்துவிட்டு, இரவில் வயல் கிடையில் (உரத்துக்காக வயலில் மந்தையை அடைக்கும் இடம்) புழுக்கை போடுவதும் உண்டு. அப்படியென்றால் கண்மாய்க்கு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?

போன மாதம் குளம்பு பதிந்து காய்ந்த மண்ணை ஒரு கை அள்ளி வந்து, வாளியில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். சில நாளில் உள்ளே வெள்ளைப் புள்ளிகள் துள்ளின. தண்ணீர்த் தெள்ளு என்கிற குட்டி நீர்வாழ் உயிரி! வறண்ட மண்ணில் முட்டையாகக் காத்துக் கிடந்தவை. அம்மா கொசுப்புழு என்று நினைத்துக் கொட்டப் போனார், நல்லவேளை பார்த்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாசியிலிருந்து ஆனி வரை அந்தப் பக்கம் கிடை போடும் கீதாரி யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். இரண்டு நாள் மந்தையோடு நடக்க வேண்டும். பழைய கிடைக் கணக்கு நோட்டு வைத்திருக்கும் விவசாயிகள் இருந்தால் இன்னும் நல்லது. உள்வாய்ப் புற்களுக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயர்களைப் படத்தோடு கமெண்டில் போட்டாலும் பெரிய உதவி.

நம்பரை இங்கே போடாதீர்கள்; அவர்களிடம் கேட்டுவிட்டு இன்பாக்ஸில் அனுப்புங்கள். நான் மேய்ச்சலைத் தடுக்க வருகிற ஆள் இல்லை என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.