தாய்ப்பால் போதவில்லை: சிங்கப்பூரில் செங்காங் பக்கம் யாரைப் பார்க்கலாம்?

மகனுக்கு மூன்று வாரம், சிசேரியன். பிறந்தபோது 3.1 கிலோ, இன்னும் அந்த எடைக்கே திரும்பவில்லை. பாலிகிளினிக்கில் ஃபார்முலா பாலும் (பவுடர் பால்) சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கிறோம். பால் எடுப்பது டபுள் பம்பில், 24 மி.மீ. ஃபிளேஞ்ச் (மார்பில் வைக்கும் புனல்). இடது பக்கம் 40 மில்லி வரும். வலதில் பாட்டிலின் அடி நனைகிறது, அவ்வளவுதான்.

அம்மா தேக்கா சந்தையில் பால் சுறா வாங்கிப் புட்டு, பூண்டுப் பால், முருங்கைக்கீரை என்று ஒன்று விடவில்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் பப்பாளிக்காய் மீன் சூப் வேறு. குண்டானது நான்தான்! இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் மார்பில் போடுகிறேன், ராத்திரியும் பம்ப் செய்கிறேன். பையன் வாயை அகலத் திறக்காமல் காம்பு நுனியை மட்டும் பிடிக்கிறான், உடனே தூங்கியும் விடுகிறான். சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கே வந்து, அம்மாவுக்கும் புரியத் தமிழில் சொல்லித்தரும் லாக்டேஷன் கன்சல்டன்ட் (தாய்ப்பால் ஆலோசகர்) யாரையாவது தெரியுமா?