லாக் கோப்பில் புகுந்த சிவப்பு நிறம்

பேக்கப் எடுக்கும் பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் போன்ற கணினிகளில் கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பு) ஒன்றைப் பராமரித்துவந்தபோது, டெர்மினலில், அதாவது கட்டளைத் திரையில், ஓடும் வரிகளுக்கு நடுவே பிழைச் செய்தி கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, ‘எரர்’ என்று தொடங்கும் வரிகளைச் சிவப்பில் அச்சிடும்படி மாற்றினேன். சிவப்பைத் தொடங்க எஸ்கேப் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து, ஒரு சதுர அடைப்புக்குறி, 31, பிறகு எம்; வரி முடிந்ததும் 31-க்குப் பதிலாக 0. இரண்டு நிமிட வேலைதான்.

அதே ஸ்கிரிப்ட் இரவில் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் வசதி) வழியாக ஓடி, நடந்ததைப் பதிவுசெய்யும் லாக் கோப்பில் எழுதுவதும், காலையில் வேறொரு ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பில் ‘எரர்’ என்று தொடங்கும் வரிகளை கிரெப் என்ற தேடல் கட்டளை மூலம் தேடி மின்னஞ்சல் அனுப்புவதும் எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. டிஸ்க் நிறைந்து மூன்று இரவுகள் பேக்கப் தோல்வியடைந்தும் ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. கோப்பின் உள்ளடக்கத்தைத் திரையில் காட்டும் கேட் கட்டளையால் பார்த்தால் பிழை வரிகள் பளிச்சென்று சிவப்பில் தெரிகின்றன. கிரெப்போ ஒன்றுமே இல்லை என்கிறது. மறைந்த எழுத்துகளையும் காட்டும் மைனஸ் வி-யை (-v) கேட் கட்டளையுடன் சேர்த்தபோதுதான், ‘எரர்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கூரைக்குறியும் (^) இரண்டு சதுர அடைப்புக்குறிகளும் 31-உம் எம்-உம் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வரி ‘எரர்’ என்று தொடங்கவே இல்லை.

இப்போது வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று டெஸ்ட் கட்டளையின் மைனஸ் டி (-t) கொண்டு முதலில் சோதித்து, இல்லையென்றால் நிற மாறிகளை வெறுமையாக விட்டுவிடுகிறேன். டெர்மினலுக்கான நிறக் குறியீடுகளைத் தரும் டிபுட் கட்டளையையும் அந்தச் சோதனைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், ஏனெனில் டெர்மினலின் வகையைச் சொல்லும் டெர்ம் மாறி அமைக்கப்படாத கிரானில் அதுவே தனியாக ஒரு பிழைச் செய்தியைத் துப்பும்.

*

மேலே உள்ள குறிப்பை எழுதியவர் நிறக் குறியீடுகளால் கிரெப்பிடம் மாட்டிக்கொண்டார். நான், குறித்த அகலத்தில் எழுத்துகளை அச்சிடும் பிரின்ட்எஃப் கட்டளையிடம் மாட்டிக்கொண்டேன். பத்து இடங்கள் ஒதுக்கிய நிரலில் (அட்டவணையின் நெடுவரிசையில்) நிலைச் சொல்லுக்கு நிறம் பூசியதும் அட்டவணை கோணிப்போனது. சிவப்பைத் தொடங்கும் குறியீடு 5 பைட், முடிக்கும் குறியீடு 4 பைட். திரையில் தெரியாத இந்த ஒன்பதையும் பிரின்ட்எஃப் அகலத்தில் சேர்த்துக்கொள்கிறது. சொல்லை முதலில் வெற்றிடங்களால் நிரப்பி, அதன் பிறகே நிறக் குறியீடுகளை இருபுறமும் ஒட்டினால் நிரல் நேராகிவிடும்.

தமிழ்க் கோப்புப் பெயர்களுக்கு இதுவும் உதவவில்லை. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட் ஆகிறது. என் கணினியில் உள்ள பாஷ் அகலத்தைப் பைட்டில்தான் அளக்கிறது. ஆகவே பெயர் நிரலை அட்டவணையின் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். அதற்குப் பின்னால் கோணிப்போக எதுவும் இல்லை.