நியூட்ரலில் இறங்கிய பெரியப்பா

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

ஞாயிறு

ராமசாமி பெரியப்பா, இரவு 7.42: ஊட்டியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டோம். குன்னூர் தாண்டியதும் வண்டியை நியூட்ரலில் போட்டவன், மேட்டுப்பாளையம் வரை உருட்டியே வந்துவிட்டேன். ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லை 😄

பெரியம்மா, 7.45: பர்லியாரில் மங்குஸ்தான் வாங்க நிறுத்தியபோது முன் சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வந்ததே, அதையும் சொல்லுங்கள்.

பெரியப்பா, 7.46: அது பக்கத்தில் நின்ற லாரி.

பெரியம்மா, 7.46: லாரி போன பிறகும் வந்தது. பழக்கார அம்மாவே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

செந்தில், 7.58: பெரியப்பா, அது பிரேக் பேட். நியூட்ரலில் இறங்கினால் வண்டியின் கனம் முழுவதையும் பிரேக்தான் தாங்க வேண்டும். சூடு ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. நாளைக்கு வண்டியைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.

பெரியப்பா, 8.01: பழைய அம்பாசிடரில் 20 வருஷம் இப்படித்தான் இறங்கினேன் கண்ணு.

செந்தில், 8.09: அது கார்புரேட்டர் வண்டி. கியரில் இறங்கினாலும் இஞ்சின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். அதனால் பெட்ரோல் விஷயத்தில் உங்கள் கணக்கில் அப்போது ஓரளவு நியாயம் இருந்தது. இப்போது இருப்பது இஞ்செக்டர் வண்டி, பெட்ரோலைக் கம்ப்யூட்டர்தான் அளந்து விடும். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இஞ்சினைச் சுற்றிவிடும். கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துபோகும். இஞ்சின் அணையாமல் ஓட அது பெட்ரோல் குடித்தே ஆக வேண்டும்.

கவிதா, 8.12: ஆமாம் செந்தில் அண்ணா! நான் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும் மைலேஜ் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். நியூட்ரலில் 40, 45 என்று ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் அம்மா போட்ட சத்தத்தில் அப்பா இரண்டாவது கியருக்கு மாற்றினார், டக்கென்று 99.9 காட்டியது.

பெரியப்பா, 8.13: நீயுமா.

குமார் சித்தப்பா, 8.20: *பல முறை அனுப்பப்பட்டது* காலை 6 மணிக்கு முன் பெட்ரோல் போடுங்கள்! குளிரில் பெட்ரோல் சுருங்கி இருக்கும், அதே காசுக்கு அதிகம் கிடைக்கும்! அனைவருக்கும் பகிரவும் 🙏

செந்தில், 8.24: சித்தப்பா, பங்க் டேங்க் தரைக்கு அடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு பெரிதாக மாறாது. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

திங்கள்

செந்தில், காலை 11.15: [படம்] பெரியப்பா, பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள், சூட்டில் ஓரமெல்லாம் நீலம் பாரித்திருக்கிறது. பேட் மாற்ற வேண்டும். மிச்சம் பிடித்ததாக நீங்கள் சொன்ன பெட்ரோல் காசு இதற்கே போதாது. டயரில் காற்று வேறு 24தான் இருக்கிறது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் 33 என்று போட்டிருக்கிறது. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

பெரியப்பா, 11.20: அதனால்தான் மைலேஜ் எப்போதும் 15-க்குள்ளேயே நிற்கிறதா? வாங்கும்போது 20-க்கு மேல் என்றார்கள்.

செந்தில், 11.26: அது ஆய்வுக்கூடத்தில் ஓட்டிப் பார்த்த கணக்கு. நம் ரோட்டில் வராது. அது கிடக்கட்டும், வண்டி மேலே கேரியர் எதற்கு?

கவிதா, 11.27: என் கல்யாணத்துக்குச் சீர்த் தட்டு கொண்டுபோக மாட்டியது 🤦 அடுத்த தை வந்தால் இரண்டு வருஷம்.

செந்தில், 11.31: காலியாக இருந்தாலும் அது காற்றை மறிக்கும். கழற்றி வைக்கிறேன். வேகமும் அதே கதைதான். 80-ல் போகிற வண்டியை 110-க்கு விரட்டினால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு. கோயம்புத்தூரிலிருந்து சேலத்துக்கு 90-க்குப் பதில் 110-ல் போனால் 20 நிமிஷம் மிச்சம். அதை நீங்கள் பெருந்துறையில் டீ குடித்தே தீர்த்துவிடுவீர்கள்.

மாலதி சித்தி, 11.40: அப்போ ஏசி போடாமல் ஓட்டணுமா செந்தில்?

செந்தில், 11.44: டவுனில் மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்கிவிடுங்கள் சித்தி. பைபாஸில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போடுங்கள், அங்கே திறந்த ஜன்னலும் காற்றை இழுக்கும். வெயிலில் நின்ற வண்டி என்றால் முதலில் கதவைத் திறந்து சூட்டை வெளியே விடுங்கள்.

குமார் சித்தப்பா, 11.50: எல்லாம் எத்தனால் கலப்பதால் வருகிற வினை.

செந்தில், 11.53: கொஞ்சம் குறையும், உண்மைதான். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் அது நம் கையில் இல்லையே சித்தப்பா. கேரியரைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும்.

செந்தில், 11.55: பெரியப்பா, மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பங்க் குழாய் தானாக நின்று ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்கள். ஓட்டிவிட்டு அதே பங்கில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் சரியான மைலேஜ்.

மூன்று வாரம் கழித்து, சனி

பெரியப்பா, மாலை 5.10: [படம்] 512 கிலோமீட்டர், 31.2 லிட்டர். 16.4!

கவிதா, 5.11: 👏👏 அப்பா!

குமார் சித்தப்பா, 5.14: எதனால் அண்ணா? காற்றா, கேரியரா, கியரா?

பெரியப்பா, 5.15: உன் அண்ணி இந்த முறை வண்டியில் வரவில்லை.

பெரியம்மா, 5.16: ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்த 16.4-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தில், 5.30: ஒரு டேங்க்கை வைத்து முடிவு கட்ட வேண்டாம், இன்னும் இரண்டு முறை பாருங்கள். அப்புறம், கேரியர் பட்டறை வாசலில் காலை இடறுகிறது. யாராவது வந்து எடுத்துப் போங்கள்.