லஞ்ச் சீற்றுக்கும் பிளாஸ்ரிக் தட்டுக்கும் பதில்: யாழ்ப்பாணத்து வீட்டில் நின்றுபிடிக்கும் மாற்றுகள்

(பலர் சேர்ந்து எழுதின குறிப்புகள் இவை. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது அதை எழுதினவரின் புனைபெயர்.)

நீர்வேலி வாழை

லஞ்ச் சீற், அதாவது சோறு கட்டுகிற மெல்லிய பொலித்தீன் தாள், 2017 செப்டெம்பரில் தடை செய்யப்பட்டது. அதற்குப் பதில் வாழையிலை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு கிழமை கட்டிப்பார்த்துவிட்டு, "கிழியுது, ஒழுகுது" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் கூட. இலையில் பிழை இல்லை, வாட்டுகிற முறையில்தான் இருக்கிறது.

மொந்தன் இலை தடிப்பானது, சோற்றுப் பாசலுக்கு அதுதான் நல்லது. கதலி இலையும் பாவிக்கலாம், ஆனால் இரட்டையாய்ப் போட வேணும். குலை தள்ளின வாழையில் இலை வெட்டாதீர்கள், காய் பெருக்க அந்த மரத்துக்கு இலை தேவை. குலை வெட்டினதும் தாய்மரத்தை எப்படியும் வெட்டிச் சரிக்கிறோம். அதில் நிற்கிற இலைகளையும், காற்றில் கிழியாத பக்கக்கன்று இலைகளையும் எடுத்தால் தோட்டக்காரருக்கும் நட்டமில்லை.

முதுகுப் பக்கம் புடைத்து நிற்கிற நடுத்தண்டைக் கத்தியைப் படுக்கவைத்துச் சீவி, இலையோடு மட்டமாக்குங்கோ. இதைச் செய்யாவிட்டால் மடிக்கிற இடத்தில் தண்டு முறிந்து இலையையும் கிழிக்கும். பிறகு நெருப்புக்கு ஒரு சாண் மேலே முதுகுப் பக்கத்தைக் காட்டி, நிற்கவிடாமல் இழுத்துக்கொண்டே போக வேணும். வெளிறின பச்சை, நெருப்பு பட்ட இடமெல்லாம் கரும்பச்சையாகி மினுங்கும். மேலே இருக்கிற மெழுகு உருகுகிற அடையாளம் அது. மினுங்கின இடம் துணிபோல் மடியும், மினுங்காத இடம் வெடிக்கும். ஓரம் சுருண்டு கபில நிறமானால் அளவுக்கு மிஞ்சி வாட்டியாயிற்று, அந்தத் துண்டு உடைந்துபோகும்.

வாழையிலை நரம்பு ஓடுகிற திசையில்தான் கிழியும். அதனால் இரண்டு துண்டு எடுத்து, ஒன்றின் நரம்பு மற்றதன் நரம்புக்குக் குறுக்கே வரும்படி வையுங்கோ. கீழ்த்துண்டு 40 சென்ரிமீற்றர், மேல்த்துண்டு 30 இருந்தால் ஒரு ஆளின் சோறு தாராளமாய் அடங்கும். சோற்றை ஆவி அடங்கவிட்டுக் கட்டுங்கோ. கொதிக்கக் கொதிக்கக் கட்டினால் உள்ளே தண்ணி விட்டு மத்தியானத்துக்குள் புளித்துவிடும். குழம்பும் சொதியும் இலைக்குள் வேண்டாம், அவற்றுக்குச் சின்னச் சில்வர் டப்பாதான். கட்டுகிறதுக்கு வாழைநாரை நனைத்துக் கட்டினால் காயும்போது இறுகும். வெளிச்சுற்றுக்கு அச்சடித்த பத்திரிகைத் தாள் வேண்டாம், எண்ணெய் பட்டால் மை இறங்கும். வெறும் பிரவுண் தாள் போதும்.

பனங்கூடல்

பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டும் 2023 ஒக்ரோபர் 1 இல் தடைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது, ஒருதரம் பாவிக்கிற கோப்பை, கரண்டி, ஸ்ட்ரோ எல்லாவற்றோடும். நீராவியில் பிளாஸ்ரிக் தட்டு நாளடைவில் வெளிறி, பொருபொருத்து, கம்பி கம்பியாய் உடையும். உடைந்த துண்டு போகிற இடம் இடியப்பத்துக்குள்தான்.

ஈர்க்கால் பின்னின இடியப்பத் தட்டுக்கு மாறுகிறவர்கள் முதல் நாளே இடியப்பம் ஒட்டிப்போச்சு என்று சொல்வார்கள். புதுத் தட்டைக் கழுவிக் காயவைத்து, இரண்டு பக்கமும் தேங்காயெண்ணெய் தடவி ஒரு இரவு விடுங்கோ. பிறகு மா இல்லாமல் வெறுந்தட்டாய் 10 நிமிசம் அவித்து எடுங்கோ. அதற்குப் பிறகு ஒட்டாது. ஒட்டின மாவை நகத்தால் சுரண்டக்கூடாது. தண்ணியில் கால் மணித்தியாலம் ஊறவிட்டால் தானாகக் கழரும்.

நீத்துப்பெட்டியை, அதாவது புட்டு அவிக்கிற கூம்பு வடிவ ஓலைப்பெட்டியை, பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும், ஏனென்றால் அலுமினியக் குழலுக்கு மாறினவர்கள் பலரும் நீத்துப்பெட்டி மா கொட்டுகிறது என்றுதான் மாறினவர்கள். காய்ந்த ஓலை சுருங்கும், பின்னலின் கண் திறக்கும், மா பானைக்குள் இறங்கும். நனைந்த ஓலை விரிந்து கண்ணை மூடும். ஆகவே ஒவ்வொரு தரமும் மா போட முன் பெட்டியைத் தண்ணியில் தோய்த்து உதறுங்கோ. பானைத் தண்ணி கூர்முனைக்கு நாலு விரல் கீழே நிற்க வேணும். மேலே வந்தால் கொதி எழும்பி அடிப்புட்டு களியாகும். பெட்டிக்கும் பானை வாய்க்கும் இடையில் ஆவி தப்பினால் மேல்மா வேகாது, அந்த இடத்தில் ஈரத்துணி ஒன்றைச் சுற்றுங்கோ. மாவையும் தேங்காய்ப்பூவையும் தளர்வாய்ப் போட வேணும், அமத்தக்கூடாது. மேலே ஆவி வரத் தொடங்கி 10 நிமிசத்தில் வெந்துவிடும்.

கழுவ வெந்நீரும் தும்பும் போதும். சவர்க்காரம் போட்டால் ஓலை அந்த மணத்தைப் பிடித்து வைத்திருந்து அடுத்த புட்டில் தரும்.

மாரி காலத்தில் பூஞ்சணம் பிடிக்கிறதுதான் ஓலைச் சாமானின் பெரிய எதிரி. மூடின அலுமாரிக்குள் வைத்த பெட்டி ஐப்பசி, கார்த்திகையில் கட்டாயம் பூஞ்சணம் பிடிக்கும். குசினியில் அடுப்புக்கு மேலே கொழுவி வைத்தால் புகையும் சூடும் அதைக் காக்கும். விறகு அடுப்பு இல்லாத வீட்டில் காற்றுப்படுகிற யன்னலோரம். சாம்பல் நிறப் புள்ளி லேசாக இருந்தால் தேசிக்காய்ச் சாறு தேய்த்து, கொதிதண்ணியில் கழுவி, முழுநாள் வெயிலில் வையுங்கோ. கறுப்பாய் ஓலைக்குள் இறங்கியிருந்தால் சாப்பாட்டுக்கு இனி வேண்டாம், எருக்கிடங்குக்குப் போடலாம்.

கடகம் (பெரிய ஓலைக்கூடை), பெட்டி வாங்கும்போது இரண்டு விசயம் பாருங்கோ. சாப்பாட்டுச் சாமான் வைக்கிறதென்றால் சாயம் போடாத ஓலை. வண்ண ஓலை ஈரம் பட்டால் சாயம் விடும். மற்றது, பாரம் தூக்குகிறதென்றால் விளிம்பிலும் அடியிலும் மட்டை நாரால் பொத்தின கடகம். பொத்தாதது அழகாய் இருக்கும், ஆனால் மரவள்ளியும் பூசணியும் வைத்துத் தூக்கினால் விளிம்பு பிரியும். பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களில் பார்க்கலாம், பின்னுகிறவர்களிடம் நேரே சொல்லியும் செய்விக்கலாம்.

கிணத்தடி

ஓலையும் இலையும் எங்கட மண்ணுக்குச் சரிவரும். சவர்க்கார விசயத்தில் மட்டும் வெளியூர்க் குறிப்பை அப்படியே எடுக்கக்கூடாது. எங்களுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணியில் கல்சியம் கரைந்து வருகிறது. கையால் செய்த இயற்கைச் சவர்க்காரம் அந்தக் கல்சியத்தோடு சேர்ந்து, தயிர் திரைந்த மாதிரி வெள்ளைப் படலமாய் மிதக்கும். நுரை வராது, உடுப்பு நரைக்கும், தலைமயிர் பிசுபிசுக்கும். சவர்க்காரத்தைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை, தண்ணியைத்தான் மென்மையாக்க வேணும்.

உடுப்புக்கு: சலவைச் சோடா. கடினத்தன்மை (கரைந்திருக்கிற சுண்ணாம்பு, கல்சியம் காபனேற்றுக் கணக்கில்) லீற்றருக்கு 300 மில்லிகிராம் உள்ள தண்ணி 20 லீற்றர் என்றால், படிகச் சலவைச் சோடா 17 கிராம் அளவு போதும், குவியாத ஒரு மேசைக்கரண்டி. கலக்கிக் கால் மணித்தியாலம் விட்டால் வெள்ளைத் தூள் அடியில் படியும். மேல்த் தெளிவை இறுத்து, அதற்குப் பிறகு சவர்க்காரம் போடுங்கோ. சவர்க்காரம் முதலில், சோடா பிறகு என்றால் ஏற்கெனவே திரைந்துவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது. கடையில் கேட்கும்போது சலவைச் சோடா என்று தெளிவாய்க் கேளுங்கோ. அப்பச்சோடா வேறு, அதற்கு இந்த வேலைக்கு வலுக் காணாது. கோஸ்ரிக் சோடா முற்றிலும் வேறு, கையையும் கண்ணையும் எரிக்கும்.

தலைக்கு: சீயாக்காய், அரப்பு. இவற்றில் நுரை தருவது சப்போனின், கல்சியத்தோடு அது திரையாது. கிணற்றுத் தண்ணியிலேயே வேலை செய்யும் என்பதால் எங்கட ஊருக்கு இதைவிடப் பொருத்தமான மாற்று இல்லை. சீயாக்காய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டியை அரை லீற்றர் தண்ணியில் 10 நிமிசம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, துணியால் வடியுங்கோ. வடிக்காமல் போட்டால் துகள் தலையில் நின்று சொறியும். கண்ணில் படாமல் கவனம். மிஞ்சின தண்ணியை மீன் வளர்க்கிற தொட்டிக்குள்ளோ குளத்துக்குள்ளோ ஊற்றாதீர்கள், சப்போனின் மீனைக் கொல்லும்.

கேத்திலில் பிடிக்கிற சுண்ணாம்புக்கு: சித்திரிக்கமிலம் லீற்றருக்கு 20 கிராம், கொதிக்கவைத்து அரை மணித்தியாலம் விடுங்கோ. தேசிக்காய்ச் சாறும் வேலை செய்யும், நேரம் கூடப் பிடிக்கும்.

இணையத்தில் சுற்றுகிற ஒரு குறிப்பை நம்ப வேண்டாம்: அப்பச்சோடாவையும் வினாகிரியையும் சேர்த்து எல்லாம் கழுவுவது. பொங்குகிறதைப் பார்த்தால் வேலை நடக்கிற மாதிரித் தெரியும். உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு உப்புத்தண்ணிதான் மிஞ்சும். ஒரு நாள் சோடா, இன்னொரு நாள் வினாகிரி என்று தனித்தனியாய்ப் பாவியுங்கோ. கிணற்றுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரோடு மட்டும் வினாகிரியோ தேசிக்காயோ ஒருபோதும் சேரக்கூடாது. குளோரின் வாயு வெளிவரும், மூடின குளியலறையில் அது உயிராபத்து.

பாத்திரத்துக்குத் தும்பும் விறகுச் சாம்பலும். தும்பை முதலில் ஒருதரம் கொதிக்கவைத்து அந்தச் சிவப்புத் தண்ணியை ஊற்றுங்கோ, இல்லாவிட்டால் கறை விடும். சாம்பலை அரித்துப் பாவியுங்கோ, குறுணி இருந்தால் சில்வர் கீறும். அலுமினியத்துக்குச் சாம்பல் வேண்டாம், காரம் அதை அரித்துக் கறுக்கவைக்கும். பித்தளைக்குப் பழப்புளி. குப்பையோடு பொலித்தீன் எரிந்த சாம்பல் பாத்திரத்துக்கும் ஆகாது, பயிருக்கும் ஆகாது.

சுன்னாகம் தையல்

துணிப்பை பற்றி ஒரு கணக்கு. பிரித்தானியாவின் சூழல் முகவரகம் 2011 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு புதுப் பருத்திப்பையைக் குறைந்தது 131 தரம் பாவித்தால்தான், ஒருதரம் பாவித்து எறிகிற மெல்லிய சொப்பிங் பாக்கைவிடக் காலநிலைக்கு அதனால் கெடுதல் குறையும். ஆகவே புதுத் துணிப்பை வாங்கிச் சேர்ப்பதில் பிரயோசனம் இல்லை. பழஞ்சாரம், கிழிந்த படுக்கை விரிப்பு, யன்னல் திரை எதுவும் போதும்.

சந்தைப் பைக்கு 45 க்கு 40 சென்ரிமீற்றரில் இரண்டு துண்டு. கைபிடிக்கு 60 சென்ரிமீற்றர் நீளம், 8 அகலம், நாலாய் மடித்துத் தையுங்கோ. பை பிய்வது எப்போதும் கைபிடி சேருகிற இடத்தில்தான். அந்த இடத்தில் 4 சென்ரிமீற்றர் உள்ளே விட்டு, சதுரமும் அதற்குள் குறுக்குக் கோடுமாய் இரண்டு தரம் தைத்தால் பத்துக் கிலோ தாங்கும். மரக்கறியைப் பிரித்துப் போட வலைபோன்ற திரைத் துணியில் சின்னப் பை தையுங்கோ, தராசில் பெரிதாய்ப் பாரம் காட்டாது. மீனுக்குத் துணி சரிவராது, ஓலை உமல் (ஓலையால் பின்னின பை) அல்லது மூடியுள்ள வாளிதான். பாத்திரம் கொண்டுபோனால் வெறும் பாத்திரத்தை முதலில் நிறுக்கச் சொல்லுங்கோ, பிறகு வாக்குவாதம் வராது.

செக்கு நல்லெண்ணெய்க்குப் போத்தல் கொண்டுபோகிறவர்கள் போத்தலைக் கழுவி இரண்டு நாள் கவிழ்த்துக் காயவிட வேணும். அடியில் நிற்கிற பழைய எண்ணெயோடு புதிதை ஊற்றினால், அந்தப் பழசு புதிதையும் சீக்கிரம் சிக்கடிக்க வைக்கும்.

மாதவிடாய்த் துணி பாவிக்கிற பிள்ளைகளுக்கு: பச்சைத்தண்ணியில் முதலில் அலசுங்கோ. வெந்நீர் பட்டால் இரத்தக்கறை துணியில் இறுகிவிடும். பிறகு சவர்க்காரம், பிறகு நேர் வெயில். மறைத்து நிழலில் காயவிட்டால் ஈரம் நின்று தொற்று வரலாம். மேலே மெல்லிய துணி ஒன்றை மூடினாலும் பரவாயில்லை, வெயில் படட்டும். மாரியில் காயாத நாளுக்கு ஸ்திரிக்கைப்பெட்டியின் சூடு.

தீவுப்பக்கம்

கிணத்தடி அண்ணை, சவர்த் (உப்புத்) தண்ணிக்கும் சலவைச் சோடா சரிவருமோ?

கிணத்தடி

இல்லைத் தம்பி. சோடா பிடிப்பது கல்சியத்தையும் கொஞ்சம் மக்னீசியத்தையும்தான். சவர் என்பது கறியுப்பு, அது சோடாவுக்கு அசையாது. சவர்க் கிணறு உள்ள வீட்டுக்கு மழைத்தண்ணிதான் வழி. அதில் கல்சியம் அநேகமாய் இல்லை, இயற்கைச் சவர்க்காரம் அரைவாசி போதும்.

100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1,000 லீற்றர் விழும், சிந்துவது போகப் பெரும்பகுதி பிடிபடும். மாரியின் முதல் மழையைத் தொட்டிக்கு விடாதீர்கள். கூரைத் தூசியும் காக எச்சமும் அதோடுதான் இறங்கும். பிறகு வருகிற ஒவ்வொரு மழையிலும் முதல் 100 லீற்றரை வெளியே திருப்பினால் தண்ணி தெளிவாய் இருக்கும். அஸ்பெஸ்ரஸ் கூரைத் தண்ணியைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம். தொட்டி மூடியிலும் வழிவுக் குழாயின் வாயிலும் நுளம்பு வலையை இறுக்கிக் கட்டுங்கோ, டெங்கு நுளம்பு தேங்கி நிற்கிற தெளிந்த தண்ணியில்தான் முட்டையிடும். வலை கிழிந்திருக்கோ என்று மாரி முடியும்வரை கிழமைக்கு ஒருதரம் பாருங்கோ.